மூழ்கும் தீவுகளுக்கு என் குரல்

என் குரலில் அழுகை நன்றாக வரும் என்பதைக் கண்டுபிடித்தவர் தி. நகரில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் இயக்குநராக இருக்கும் இளைஞர். அதற்கு முன் முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய என் கணவருக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

நான் பின்னணிக் குரல் கொடுப்பவள். பிரஷர் குக்கர், மூட்டுவலித் தைலம், கல்யாணப் பட்டு என்று விளம்பரங்களில் ஆரம்பித்தேன். பிறகு வெளிநாட்டு ஆவணப்படங்களைத் தமிழில் மாற்றி ஒளிபரப்பும் பழக்கம் வந்தது. முதலில் மிருகங்கள் வந்தன. புலி மானைத் துரத்தும்போது பதறாமல் பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு கட்டத்தில் புலிகள் குறைந்து தீவுகள் வர ஆரம்பித்தன. உலகத்தின் ஏதேதோ மூலைகளில், கடல் ஏறிக்கொண்டிருக்கும் குட்டிக் குட்டித் தீவுகள். எந்தப் படத்தை எடுத்தாலும் கடலுக்கு முன்னால் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மூதாட்டி என்பது ஸ்கிரிப்ட்டில் எழுதியிருக்கும் சொல். பார்த்தால் பெரும்பாலும் என் வயதுதான் இருக்கும்.

இந்தப் படங்களில் உதட்டசைவுக்குப் பொருத்திப் பேச வேண்டியதில்லை. அந்தப் பெண் தன் மொழியில் பேசத் தொடங்குவாள். ஒரு மூச்சு நேரம் அவள் குரல் கேட்கும். பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டு என் குரலை மேலே ஏற்றுவார்கள். பார்ப்பவர்களுக்கு அதன் பிறகு நான்தான். என் ஹெட்ஃபோனில் மட்டும் அவள் கடைசிவரை பேசிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை புரியாது. கையில் இருக்கும் தமிழ் ஸ்கிரிப்ட் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அந்த ஆங்கிலம் எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இயக்குநர் ரொம்ப நல்ல பையன். யாரையும் கடிந்து பேசியதில்லை. எனக்குத் தொண்டை கட்டினால் அவரே போய் மிளகுப் பால் வாங்கி வருவார். அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை, ஈரம். நான் ஒரு வரி பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். கொஞ்ச நேரம் கழித்து என் காதுக்குள் வருவார். நல்லாயிருக்கு மேடம், இன்னும் கொஞ்சம் ஈரம் வேணும் என்பார். நான் ஈரம் சேர்ப்பேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் என்ஜினீயர் பட்டினப்பாக்கத்துக்காரர். பக்கத்துத் தெருவரைக்கும் கடல் வந்துவிட்டுப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். ரெக்கார்டிங் முடிந்ததும் அவர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "இன்னா அழுவை அழுவுறீங்கக்கா. நம்ம ஊட்டாண்ட தண்ணி வந்தப்போகூட நாங்க இப்டி அழுவல."

வீட்டில் என் கணவர் தன் பங்குக்குச் செய்வார். காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, இன்றைக்கு எந்தத் தீவு, முழுசாகப் போய்விட்டதா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதா என்று விசாரிப்பார். அவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சேதத்தை அப்படித்தான் கேட்கத் தெரியும்.

ஒருநாள் வந்த படத்தில் ஒரு பெண் இருந்தாள். நல்ல தாட்டியான உடம்பு, பூப்போட்ட கவுன், காலைச் சுற்றிக் கணுக்கால் அளவு கடல் தண்ணீர். என் ஸ்கிரிப்ட்டில் இருந்த வரி, "கடல் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் முன்னோர்கள் உறங்கும் மண்ணை விட்டு இனி நாங்கள் எங்கே போவோம்?" ஆனால் திரையில் அவள் கையை நீட்டி நீட்டிக் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் சிரித்துக்கொண்டே. பின்னால் இரண்டு கோழிகள் ஒரு கவிழ்த்துப்போட்ட படகின் மேல் ஏறி நின்றன. அவள் பேச்சைக் கேட்டால், கோழியை விரட்டச் சொல்வது போலத்தான் எனக்குப் பட்டது. மைக்கிலிருந்து தலையைத் திருப்பி, "இவங்க சிரிக்கிறாங்களே தம்பி" என்றேன்.

இயக்குநர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

"அது வேதனைச் சிரிப்பு மேடம்" என்றார்.

சரி என்று அழுதேன். நன்றாகவே வந்தது. அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருக்கும் மாமி முழுக்கப் பார்த்திருக்கிறார். எங்களுடையது மந்தைவெளியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம், நாங்கள் தரைத்தளம். மறுநாள் காலையில் மாமி ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்போடு இறங்கி வந்தார். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. "ஏன்மா, அந்தத் தீவுக்காரிக்கு ஏதாவது அனுப்பணும்னா எப்படி அனுப்பறது? ராத்திரி பூரா அவ நெனப்பாவே இருந்துதும்மா. நம்மாத்து வாசல்ல ஜலம் வந்தா நாம என்ன பண்ணுவோம், சொல்லு" என்றார். வத்தக்குழம்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேதனைச் சிரிப்பு என்ற அந்த வார்த்தை எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. நான் எதற்காவது சிரித்தால் என் கணவர் உற்றுப் பார்த்துவிட்டு, இது சாதாரணச் சிரிப்பா வேதனைச் சிரிப்பா என்று கேட்பார்.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகலும் இரவும் விடவில்லை. தெருவில் தண்ணீர் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி புதுச் சாலை போட்டதில், தெரு ஏறி ஏறி எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. கேட்டுக்குள் தண்ணீர் வருவதும், இரண்டாம் படியோடு நின்று திரும்பிப் போவதும் வழக்கம். இந்த முறை அது நிற்கவில்லை. விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது சில்லென்றது.

முடிந்ததை எல்லாம் உயரத்தில் ஏற்றினோம். கேஸ் சிலிண்டரைச் சமையல் மேடைமேல் தூக்கி வைத்தோம். மிக்ஸி, கிரைண்டர், அரிசி டப்பா எல்லாம் பரணுக்குப் போயின. ஃபிரிட்ஜைத் தூக்க முடியவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது. கட்டிலில் கிடந்த மெத்தையைச் சாப்பாட்டு மேஜைமேல் தூக்கிப் போட்டோம், அது ஒரு பக்கம் தொங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் மாமி வீட்டுக்கு ஏறிப்போனோம். மாமி எதுவும் கேட்காமல் எங்களுக்கும் சேர்த்து அரிசி களைந்தார்.

மறுநாள் மத்தியானம் மழை நின்றது. தண்ணீர் மட்டும் முழங்கால் அளவுக்கு இறங்கி அப்படியே நின்றது. கரண்ட் இல்லை. கீழே ஃபிரிட்ஜில் ஒரு பெரிய தூக்கு நிறைய தோசை மாவு இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. இன்னும் விட்டால் புளித்து வழிந்துவிடும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். என் கணவரும் கூடவே வந்தார். வாசலில் செருப்பு ஸ்டாண்டு கவிழ்ந்து, எங்கள் செருப்புகளும் அடுத்த வீட்டுச் செருப்புகளும் கலந்து மிதந்துகொண்டிருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடைக் கைப்பிடியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, நம்முடையது இல்லை என்றால் மரியாதையாகத் திரும்பத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஏதோ வடக்கத்திய சேனல். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்ட ஒரு பெண், பின்னால் பிளாஸ்டிக் உறை போட்ட கேமராவோடு ஒரு பையன். பெண் சென்னைப் பெண்தான் போலிருக்கிறது, தமிழ் பேசினாள். நான் மாவுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டருகில் நின்றிருந்தேன். அவள் மைக்கை நீட்டினாள். எப்படி ஃபீல் பண்றீங்க ஆன்ட்டி என்றாள்.

அவள் நின்ற இடத்துக்கு ஒரு எட்டுத் தள்ளித்தான் சாக்கடை மூடி நகர்ந்து கிடந்தது. தண்ணீருக்குள் அது அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் கையை நீட்டிப் பதறினேன். "அய்யோ, அங்க நிக்காதம்மா, மூடி தொறந்து கெடக்கு. இந்தப் பக்கம் வா." அவள் நகர்ந்தாள். அதே சமயத்தில் பின்னால் என் கணவர் இரண்டும் இடது கால் செருப்புகளாகப் பிடித்து உயர்த்திக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் விடாமல், பருவநிலை மாற்றத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். வருஷா வருஷம் வருவதுதான், இந்தத் தடவை உள்ளேயே வந்துவிட்டது, ரோட்டை உசத்திக்கொண்டே போகிறார்கள், மாவு புளித்துவிட்டது, மேலே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். அந்த மாவில் சாயங்காலம் மாமி வீட்டில் எல்லோருக்கும் ஊத்தப்பம் வார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு பழுப்புக் கோடு. உள்ளே சேறும், அதில் ஒரு வாடையும். பீரோவின் அடித்தட்டு ஊறி உப்பிவிட்டது, கதவு மூடவில்லை. மெத்தை முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது. இலவம்பஞ்சு மெத்தை. போன மாதம்தான் பஞ்சை அடித்து, புது உறை தைத்துப் போட்டிருந்தேன். நானும் என் கணவரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தும் அது நகர மறுத்தது. எப்படியோ தெருவோரம் கொண்டுபோய்ப் போட்டோம். நிமிர்ந்து மூச்சு வாங்குவதற்குள் தெருநாய் ஒன்று அதன்மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வசதியாகப் படுத்துக்கொண்டது.

அப்போது எனக்கு அழுகை வந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அழுவதற்கு மெத்தை ஒரு காரணமா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்தே மனசு சரியாக இல்லை.

அன்று சாயங்காலம் நாக்பூரிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அத்தான் ரயில்வேயில் இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டவர்கள். போனை எடுத்ததுமே தேம்பல் கேட்டது. உன்னை டிவியில் பார்த்தேன் என்றாள். கையில் ஒரே ஒரு பாத்திரத்தோடு நிற்கிறாயே, அதுதான் மிச்சமா என்று கேட்டாள்.

"அது தோசை மாவுக்கா" என்றேன்.

"எங்கிட்ட மறைக்காத. கடல் எங்க வீட்டை முழுங்கிடுச்சு, எங்களுக்குன்னு ஒண்ணுமில்லன்னு நீ அழுதியே. நான் காதால கேட்டேனே."

"நான் அழலையேக்கா. எனக்கு ஹிந்தியே தெரியாது."

துக்கத்தில் எந்த மொழியும் வரும் என்பது போல அக்கா ஏதோ சொல்லிவிட்டு, டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றதை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அந்தத் துணுக்கை வாட்ஸாப்பில் அனுப்பினாள். நானும் என் கணவரும் மாமியும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். நான் நிற்கிறேன், கையை நீட்டுகிறேன், "அய்யோ, அங்க நிக்..." என்று என் குரல் கேட்கிறது. அவ்வளவுதான். பிறகு அது கீழே இறங்கிப் போய், ஒரு ஹிந்திக்காரப் பெண்ணின் குரல் மேலே ஏறியது. பின்னணியில் ஒரு புல்லாங்குழல். எனக்குத் தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையில் சமுந்தர் என்பது ஒன்று. கடல். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும், வந்தது மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும்தான். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்கே ஒரு கணம் கடல்தானோ என்று தோன்றிவிட்டது. அப்படி ஒரு குரல். சமுந்தர் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சை லேசாக உடைத்து எடுத்தாள் பாருங்கள், தொழில் தெரிந்தவள். நான் சிரித்த இடம் வந்தது. அந்த இடத்தில் படத்தை மெதுவாக்கியிருந்தார்கள்.

"உன்னைவிட நல்லா அழறா" என்றார் என் கணவர்.

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று அந்த மாவில் ஊத்தப்பம் தின்றவர் அவர். திரையில் என் கணவர் குடையோடு குனிந்திருக்கும் காட்சிக்குக் கீழே ஏதோ எழுத்து ஓடியது. ஹிந்தி படிக்கத் தெரிந்த எதிர்வீட்டுக்காரரைக் கேட்டபோது, இழந்த உடைமைகளைத் தேடும் முதியவர் என்று போட்டிருக்கிறது என்றார். என் கணவருக்கு அதுவரை இருந்த உற்சாகம் போய்விட்டது. உடைமை என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், முதியவர் என்றதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. மறுநாளே போய்த் தலைக்கு மை போட்டுக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அழுதது உண்மை, ஆனால் அது அடுத்த நாள் காலையில். கேமரா இருந்தபோது நான் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசினேன். பூப்போட்ட கவுன்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் தீவில் கடல் ஏறுவது பொய்யில்லை. அவளும் ஒருநாள் காலையில் யாரும் இல்லாதபோது எதையாவது தெருவில் போட்டுவிட்டு அழுதிருப்பாள். ஆனால் அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று தெரியாமலே நான் அவளுக்காக அழுது தீர்த்திருக்கிறேன். அந்த ஹிந்திக்காரப் பெண்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எங்கே கோபப்படுவது.

அக்கா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒன்றில் கம்பளிகள், இன்னொன்றில் பழைய புடவைகள், பாத்திரங்கள். அதற்குள் நாங்கள் வீட்டைக் கழுவி, பினாயில் போட்டு, சுவருக்குக்கூட வெள்ளை அடித்து முடித்திருந்தோம். அவள் உள்ளே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஏமாற்றத்தை மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். வந்தது வந்தாயிற்று, மார்கழி ஆரம்பித்துவிட்டது என்று மாதம் முழுக்கத் தங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு மயிலாப்பூரில் கச்சேரி கச்சேரியாகப் போனாள். சபா கேன்டீனில் அடை அவியலுக்கு எதிரில் உட்கார்ந்த யாரிடமாவது என் தங்கை வீடு என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரு பெரியவர் தன் இலையிலிருந்த அக்காரவடிசலை என் பக்கம் நகர்த்திவைத்தார். வேண்டாம் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சாப்பிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். புதுப் படம், புதுத் தீவு. நான் முதலில் இயக்குநரிடம் போனைக் கொடுத்து அந்தத் துணுக்கைப் பார்க்கச் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மாவு, மூடி, செருப்பு எல்லாவற்றையும். என்ஜினீயர் விழுந்து விழுந்து சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. ஆழமாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"மேடம், இந்த ஹிந்தி ஆர்ட்டிஸ்ட் யாருன்னு விசாரிக்க முடியுமா?"

அவரை நான் என்ன சொல்வது. வேலையை ஆரம்பித்தோம். திரையில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் நிமிராமல் இரண்டு வார்த்தை சொல்வாள், மறுபடி துருவுவாள். ஸ்கிரிப்ட்டில் அதற்கு நாலு வரி இருந்தது. "அலைகள் எங்கள் கனவுகளை அடித்துச் செல்கின்றன" என்பது அதில் ஒன்று. நான் இயக்குநரிடம், உங்களுக்கு வேண்டிய மாதிரி ஒன்று தருகிறேன், எனக்குத் தோன்றுகிற மாதிரி ஒன்று பேசிவிடுகிறேன், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குத் தயக்கம். "பேசட்டும் சார், டேப்பா தீர்ந்துடப் போவுது?" என்றார் என்ஜினீயர்.

முதலில் ஈரமாகப் பேசினேன். பிறகு, கையில் வேலை இருக்கும்போது யாரோ வந்து எப்படி ஃபீல் பண்றீங்க என்று கேட்டால் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசினேன். கனவுகளை அடித்துச் செல்கின்றன என்ற வரியை, பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் போனதைச் சொல்வது போலச் சொன்னேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில், முதல் இரண்டு வரிக்கு இதை வைத்துக்கொள்கிறேன், மீதிக்கு அது இருக்கட்டும், சேனல்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு. நானும் ஒத்துக்கொண்டேன்.

சேனல்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஒளிபரப்பான மறுநாள் மாமி இறங்கி வந்தார். இந்த முறை கையில் கிண்ணம் இல்லை. நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நேத்திக்கு வந்தாளே, அவ கொஞ்சம் கோவக்காரி போலருக்கு. மொதல்ல வெடுக்குனு பேசினா, அப்புறம் பாவம் அழுதுட்டா. ஆமா, கடல் வந்துண்டிருக்குன்னா கோவம் வராதா என்ன?"

எனக்கு மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாம் மாமி என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மாமி கேட்டார். ஸ்கிரிப்ட்டின் மேலே தீவின் பெயர் எழுதியிருந்ததால் எனக்குத் தெரியும். போனில் வரைபடத்தைத் திறந்து பெயரைத் தட்டினேன். திரை முழுக்க நீலம். வேறு ஒன்றும் இல்லை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். விரலால் பெரிதாக்கினேன், அப்போதும் நீலம். இன்னும் பெரிதாக்கினேன். கடைசியில் வெட்டிப்போட்ட நகம் போல ஒரு பச்சைத் துண்டு தெரிந்தது. அதற்கு நடுவே மெல்லிசாக ஒரு கோடு.

"ரோடெல்லாம் போட்டிருக்காளே" என்றார் மாமி. இன்னும் கிட்டத்தில் காட்டச் சொல்லி, அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.